உயிர் காக்கும் சொல்

ஒரு தொழிலில் வல்லவர் யாரெனக் கேட்டால், கைத்திறன் மிக்கவரையே நாம் சுட்டிக்காட்டுகிறோம். மருத்துவத் துறையிலும் நெடுங்காலம் அவ்வாறே கருதப்பட்டது. ஆபத்து வேளையில் கைத்திறன் மட்டும் போதாது என்னும் பாடத்தை மருத்துவர்கள் விமானிகளிடமிருந்து கற்ற வரலாறு சிந்தித்தற்குரியது.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரை அணுகிய பயணி விமானம் ஒன்றில், சக்கரங்கள் சரிவர இறங்கினவா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி அதனை ஆராய்வதிலேயே மூழ்கியிருக்க, விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அறிந்திருந்தனர், குறிப்பாகச் சொல்லவும் செய்தனர், அழுத்திச் சொன்னாரில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நாசா நிறுவனம் கூட்டிய ஆய்வரங்கு, இத்தகைய விபத்துகளுக்குத் தலைமை, தீர்மானம், கருத்துப் பரிமாற்றம் ஆகியவற்றில் நேரும் குறைகளே பெரிதும் காரணமெனக் கண்டது. அதன் பயனாக விமானக் குழுவினர்க்குக் கூட்டுப் பயிற்சி தோன்றியது.

மருத்துவத்தில் பாவைகளைக் கொண்டு பயிற்றுவது அதற்கு முன்பே உண்டு. 1960-களில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சிம் ஒன்' என்னும் பாவை, மயக்க மருத்துவம் பயில்வோரின் கைப்பழக்கத்தை வளர்க்கவே பயன்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மயக்க மருத்துவர் டேவிட் காபாவும் அவருடைய சகாக்களும் வேறொரு வழி கண்டனர். பாவையை மட்டுமன்றி, அறுவை அரங்கு முழுவதையும் அவர்கள் பாவனையாக அமைத்தனர். பாவையின் நாடி திடீரெனத் தளரும். மருத்துவர் என்ன செய்கிறார், யாரை அழைக்கிறார், எதைச் சொல்கிறார் என்பன பதிவு செய்யப்படும். பின்னர் அனைவரும் அமர்ந்து அப்பதிவைக் கண்டு உரையாடுவர்.

ஆனால் இத்திறன்களை அளப்பது எங்ஙனம்? மனத்துள் நிகழ்வதை யாரும் காண இயலாது. 'விழிப்பாக இருந்தார்' என்பது ஊகம். 'இரத்த அழுத்தம் குறைவதை உரக்க அறிவித்தார்' என்பது கண்கூடு. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ரோனா ஃபிளினும் மயக்க மருத்துவர் சிலரும் ஓர் அளவுமுறையை வகுத்து 2003-இல் வெளியிட்டனர். பணியை ஒழுங்குபடுத்தல், குழுவாக இயங்கல், நிலைமையை உணர்தல், தீர்மானித்தல் என நான்கு பிரிவுகள். அவற்றுள் 15 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தரங்கள். ஆயினும் மதிப்பிடுவோரும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். இன்றேல் ஒரே செயலை ஒருவர் துணிவென்பார், மற்றொருவர் துடுக்கென்பார்.

இது வெறும் மதிப்பெண் விவகாரம் அன்று. 2005-இல் இங்கிலாந்தில், சிறு அறுவைக்கென மயக்கமூட்டப்பட்ட ஒரு பெண்மணிக்கு மூச்சு தடைப்பட்டது. அனுபவமிக்க மருத்துவர்கள் மூச்சுக்குழாய் பொருத்துவதிலேயே நெடுநேரம் முனைந்திருந்தனர். கழுத்தில் துளையிடுவதற்கான கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொணர்ந்து அறிவித்தும், அது எவர் கருத்திலும் ஏறவில்லை. பதின்மூன்று நாட்களில் அப்பெண்மணி உயிர்நீத்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானிகள் கற்ற பாடம் மருத்துவமனைகளை முழுமையாக எட்டவில்லை என்பதை உணர்ந்த அவர், பழி தூற்றுவதை விடுத்து, அப்பாடத்தைப் பரப்பும் பணியில் இறங்கினார்.

இத்திறன்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'தொழில்நுட்பம் அல்லாத திறன்கள்' என்றாகும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் நிறைவளிப்பதில்லை. 'அல்லாத' என்றவுடன் அது இரண்டாம் தரமானதோ என எண்ணத் தோன்றுகிறது. மேற்கண்ட இரு நிகழ்ச்சிகளிலும் கைத்திறன் இருந்தது, இல்லாதது இதுவே.

நம் நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பட்டப் பாடத்திட்டம், நோயாளியிடம் பேசும் முறையையும் நன்னடத்தையையும் தனிப் பாடமாகவே சேர்த்துள்ளது. பெரியவர் முன் வாய் திறவாமையைப் பணிவெனப் போற்றிப் பழகிய நமக்கு, இளையவர் தக்க வேளையில் உரக்கச் சொல்லவும், மூத்தவர் அதனைச் செவிமடுக்கவும் பயிற்சி இன்றியமையாதது. பாவனை அரங்கில் மௌனம் காத்தால் குறைவது மதிப்பெண். மெய்யான அரங்கில் காத்தால் போவது உயிர்.