கொரோனா துளைகள்

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில், சுற்றுப்புறத்தைவிட அடர்த்தியும் வெப்பமும் குறைந்த பரப்புகள். எக்ஸ் கதிர், புற ஊதாப் படங்களில் கருமையாகத் தெரியும். பிற இடங்களில் காந்தப்புலக் கோடுகள் வளைந்து சூரியனுக்கே திரும்பி பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கின்றன. இங்கே அவை விண்வெளியை நோக்கித் திறந்திருப்பதால், பிளாஸ்மா நொடிக்கு 500 முதல் 800 கி.மீ. வேகத்தில் சூரியக் காற்றாக வெளியேறுகிறது.

துளைகளைக் காண்பதற்கு முன்பே, அவற்றின் காற்று புவியில் ஏற்படுத்தும் விளைவு பதிவாகியிருந்தது. சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் ஏறத்தாழ 27 நாள் இடைவெளியில் புவிக்காந்தப் புயல்கள் திரும்ப வருவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலாளர் மாண்டர் எடுத்துக்காட்டினார். அவற்றில் பலவற்றுக்குக் காரணமாகச் சொல்லக் கரும்புள்ளி எதுவும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பிறப்பிடங்களை 1930களில் ஜூலியஸ் பார்ட்டெல்ஸ் ‘எம் பகுதிகள்’ என்றார். 1950களில் சூரிச்சின் வால்ட்மையர் கொரோனாவில் மங்கிய இடங்களைக் குறித்து, ‘துளைகள்’ என்றே அழைத்தார்.

எம் பகுதிகளும் துளைகளும் ஒன்றே என்ற முடிவு 1970களில் உறுதிப்பட்டது. 1970 நவம்பர் 24 அன்று ராக்கெட் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிந்த துளையையும் வேகமான சூரியக் காற்றையும் கிரீகர், டிமோதி, ரோலோஃப் ஆகியோர் 1973இல் இணைத்துக் காட்டினர். அவ்வாண்டு மே மாதம் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்தில் மூன்று குழுக்கள் அடுத்தடுத்துத் தங்கி, 1974 பிப்ரவரி வரை சூரியனைப் படமெடுத்தன. தொலைநோக்கிகளின் படச்சுருள்களை மாற்ற வீரர்கள் நிலையத்துக்கு வெளியே விண்வெளியில் இறங்க வேண்டியிருந்தது. இன்றைய அறிவின் அடித்தளம் அப்படிக் கையால் எடுத்துவரப்பட்ட படங்கள்தாம். அவற்றில் புகழ்பெற்றது, வட துருவத்திலிருந்து நடுக்கோட்டைக் கடந்து தெற்கே நீண்ட துளை. இத்தாலி நாட்டின் வரைபடத்தை ஒத்திருந்ததால் ‘இத்தாலிய பூட்ஸ்’ எனப் பெயர் பெற்றது. அடியிலுள்ள ஒளிமண்டலம் நடுக்கோட்டில் விரைந்தும் துருவங்களில் மெதுவாகவும் சுழல, இந்தத் துளையோ பல சுழற்சிகளுக்கு உருக்குலையாமல் ஏறக்குறைய திடப்பொருள்போலச் சுழன்றது. ஓரங்களில் புலக்கோடுகள் இடைவிடாது அறுந்து மறுபடி இணைவதே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த இணைப்பு எங்கே, எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

கரும்புள்ளிகள் கூடிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில், அவை மிகக் குறையும்போது எதிரெதிர்க் காந்தமுனை கொண்ட துளைகள் இரு துருவங்களையும் மூடுகின்றன. சுழற்சியின் உச்சத்தில் துருவப் புலம் திசை மாறும்போது அத்துளைகள் மறைந்து, பிறகு மாறிய முனையுடன் மீள உருவாகின்றன. சுழற்சி தணியும் ஆண்டுகளில் துளைகள் நடுக்கோடு வரை நீள்கின்றன. எனவே கரும்புள்ளி குறைவதாலேயே சூரியன் ஓய்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. 27 நாள் புயல்கள் தெளிவாகத் தெரிவது அந்த ஆண்டுகளில்தான்.

1990இல் ஏவப்பட்ட யுலிசிஸ் விண்கலம் துருவத் துளைகளின் விரைந்த காற்றை நேரடியாக அளந்தது. 2018இல் புறப்பட்ட பார்க்கர் விண்கலம் அக்காற்றின் பிறப்பிடத்தை நெருங்கி ஆராய்கிறது.