பழைய பள்ளிக் கட்டடங்களின் ஆற்றல் சிக்கனச் சீரமைப்பு

பழைய பள்ளிக் கட்டடத்தை இடிக்காமல், அதன் வெக்கையும் மின்செலவும் குறையும்படி திருத்தும் பணி. குளிர்நாடுகளில் அறையின் கதகதப்பு வெளியேறாமல் காப்பதே இதன் நோக்கம். புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் போன்ற வெயிலூர்களில் சூடு உள்ளே இறங்காமல் தடுப்பதே முதல் வேலை. இலுப்பூர் ஏறத்தாழ 10.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒற்றைத் தள வகுப்பறையில் அந்த வெயிலைச் சுவரைவிடக் கூரையே மிகுதியாக வாங்குகிறது. எனவே சீரமைப்புப் பணம் முதலில் கூரைக்கே போக வேண்டும்.

தமிழகப் பள்ளிக் கூரைகள் பெரும்பாலும் நால்வகை. கீற்றுக் கூரை குளிர்ச்சியானது. ஆயினும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின் அது பள்ளிகளுக்கு ஆகாதென்று முடிவாயிற்று. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொழிற்சாலை செய்யத் தொடங்கிய ஓடு, இடுக்குகள் வழியே சூடான காற்றை வெளியேற்றும். உடைந்தவற்றை மாற்றி, கீழே மச்சுப் பலகை அடித்தால் போதும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்கள்மேல் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டிப்படுத்தி, தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பார்கள். தடிப்பு மிகுந்த இத்தளத்தில் பகல் சூடு கீழிறங்கத் தாமதமாகும். அதற்குள் பள்ளி விட்டிருக்கும். பின்னர் வந்த நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளமோ பாட நேரத்திலேயே கொதிக்கிறது. அதற்குச் சுருக்கியும் (செங்கல்தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்து) தட்டோடும், அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் தேவை.

பழைய கட்டடம் ஆபத்தானது என்ற மறுப்பு அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். உறுதி ஆய்வில் தேறாததை இடித்தே ஆக வேண்டும். ஆனால் வயது மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது. தேறிய கட்டடத்தை இடிப்பது, அதன் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுடச் செலவான எரிபொருளை வீணாக்கி, சிமெண்டுக்காக மீண்டும் எரிப்பதாகும். மின்விசிறிகளும் விளக்குகளும் மட்டுமே உள்ள பள்ளியில் என்ன மிச்சமாகும் என்பது அடுத்த மறுப்பு. 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (தூரிகையற்ற மோட்டார்) விசிறியும், 40 வாட் குழல்விளக்குக்குப் பதில் 20 வாட் எல்இடியும் கட்டணத்தைச் சிறிதளவே குறைக்கும் என்பது உண்மை. ஆனால் குளிர்சாதனம் இல்லாத வகுப்பறையில் கூரைச் சூட்டைத் தாங்குவது பிள்ளைகளின் உடல். கணக்கிட வேண்டிய ஆதாயம் அவர்களுடைய கவனமும் நலமும்தான். வெள்ளைப் பூச்சு புழுதியில் மங்கும் என்பதும் சரியே. ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவினால் அது தீரும்.

2022 முதல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய வகுப்பறைகள் எழுகின்றன. அதோடு, சில அரசுப் பள்ளிகளில் வெயிலைத் திருப்பும் குளிர்கூரைப் பூச்சும் தொடங்கியுள்ளது.