நெய்வேலிச் சுரங்கமும் நிலத்தடி நீரழுத்தமும்

ஒரு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் உந்துவிசையை அப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். எட்டாம் வகுப்பு மாணவர் மனப்பாடம் செய்யும் இந்தச் சிறு வகுத்தல், கடலூர் மாவட்டத்தில் ஒரு பெரும் சுரங்கத்தின் தலைவிதியையே தீர்மானித்தது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலி உள்ளது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீருடன் கரிய பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்.

கரி இருப்பது தெரிந்தும் அதை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. கரிப் படுகைக்கு அடியில் உள்ள மணல் அடுக்கில் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்துகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் உண்டு. எனவே 6 கிலோகிராம் என்று வைத்தாலே, சதுர மீட்டருக்கு 60 டன்!

இதைத் தாங்குவது எது? மேலே 60 மீட்டர் மண் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 2 டன். ஆகவே சதுர மீட்டருக்கு 120 டன் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. நீர் அடங்கிக் கிடக்கும். மண்ணை அகற்றிவிட்டால்? 15 மீட்டர் தடிமனுள்ள கரியின் எடை சுமார் 17 டன்தான். 60 டன்னுக்கு அது எம்மாத்திரம்? கரிப் படுகை வெடித்துச் சுரங்கமே மூழ்கிவிடும். சுரங்கத்தைச் சிறிதாகத் தோண்டினால் தப்பலாம் என்று மாணவர் நினைக்கக்கூடும். பரப்பு குறைந்தால் எடையும் அதே விகிதத்தில் குறையும். சதுர மீட்டர்க் கணக்கு மாறாது.

எடையைக் கூட்ட வழியில்லாததால் நீரழுத்தத்தைக் குறைத்தனர். ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்தனர். 1961 ஆகஸ்டில் கரிப் படுகை வெளிப்பட்டது. இறைக்கும் நீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பயன்பட்டது. சுற்றுவட்டார உழவர்களோ தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டதாக நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அதைப் புறக்கணித்து இவ்வரலாற்றை எழுத முடியாது.

கரிக்கு மேலிருந்து அகற்றப்படும் மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கு அது மூலப்பொருளாயிற்று. நீரை அடக்கி வைத்திருந்த சுமையின் ஒரு பகுதி, சூளையில் வெந்து பொம்மையாகவும் மின் உருகிக் கட்டையாகவும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.