பனிக்கால முந்திரித் தோப்பு: பூவையும் காக்கலாம், தேனீயையும் காக்கலாம்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முந்திரியில் துளிர் விட்டு, மார்கழி, தை, மாசியில் பூ வரும். பனி கொட்டுவதும் இதே காலம்தான். பூங்கொத்து கருகினால் அந்த ஆண்டு மகசூல் போய்விடும். அந்தப் பயத்தில் கண்டபடி மருந்து தெளித்தால், பூவைக் காய் ஆக்கும் தேனீயும் செத்துவிடும்.

தேனீக்கள்

முந்திரிப் பூங்கொத்தில் ஆண் பூக்களே அதிகம். காய் பிடிக்கும் இருபால் பூக்கள் குறைவு. தேனீ, ஈ, எறும்புகள்தான் இவற்றில் மகரந்தம் சேர்க்கின்றன. குளிர்ந்த காலையில் தேனீ வெளியே வராது. வெயில் ஏறிய பிறகே பூவுக்கு வரும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் வாசலைக் கிழக்கு நோக்கி வையுங்கள். காலை வெயில் பட்டால் கூடு சீக்கிரம் சூடாகும். பெட்டிக்கு அருகே அகலமான மண் தட்டில் தண்ணீர் ஊற்றி, தேனீ உட்காரக் கூழாங்கற்கள் போடுங்கள்.

தேயிலைக் கொசு

தேயிலைக் கொசு இளந்துளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும். அந்த இடம் கறுத்து, கொத்து காயும். வாரம் ஒருமுறை தோப்பைச் சுற்றிப் பாருங்கள். தாக்குதல் தெரிந்தால் மட்டும் மருந்து தெளியுங்கள். தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு மாலையில் தெளிப்பது நல்லது. தொடக்க நிலையில் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை என்ற அளவில் கரைசல் தயாரித்துத் தெளிக்கலாம்.

இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பைக் கலைக்க வேண்டாம். அது தேயிலைக் கொசுவை விரட்டும். முந்திரிக்கொட்டையை உதிர்ந்த பிறகே பொறுக்குவதால் எறும்புக் கடித் தொல்லையும் குறைவு. ஆனால் முசுறு இருக்கும் மரத்தில் மாவுப்பூச்சி பெருகுகிறதா என்று கவனியுங்கள்.

சருகு

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சருகைக் குவித்துக் கொளுத்தாதீர்கள். மரத்தடியில் பரப்பினால், மழை தந்த ஈரம் சித்திரை வெயில் வரை தாங்கும். பூச்சி தின்னும் சிலந்தி, தவளை, ஓணான் அங்கே தங்கும். பாம்பும் தங்கலாம் என்பதால் சருகில் கை வைக்கும் முன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

பறவைகள்

பக்கத்து வயலில் மார்கழிப் பட்ட நிலக்கடலை இருந்தால், 'டி' வடிவில் குச்சி நடுங்கள். பகலில் கரிச்சான் அமர்ந்து புழு பிடிக்கும். இரவில் ஆந்தை எலி பிடிக்கும். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பாதிக்கப்படும். நம் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்து போன்ற வெளிநாட்டுப் பறவைகள் அங்கே வருகின்றன. ஏரியை ஒட்டி நிலம் உள்ளவர்கள் விஷம் கலந்த தானியத்தைத் திறந்த வெளியில் போடவே கூடாது.

பூங்கொத்து கருகுவது பூச்சியாலா, நோயாலா என்று புரியாவிட்டால், கருகிய கொத்து ஒன்றை ஒடித்துச் சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். காரணம் தெரிந்த பிறகு மருந்து வாங்கினால் செலவும் மிச்சம், தேனீயும் மிச்சம்.