பாயில் அமர்ந்த தேவதூதர்கள்



விருந்தாளியைப் பாயில் உட்கார வைத்து, வீட்டுக்காரர் குனிந்து பரிமாறுவது நம் சின்னாளப்பட்டியில் யாரும் சொல்லித் தரவேண்டாத மரியாதை. இந்த மரியாதை இந்திய ஓவியம் வழியாக ஒரு பைபிள் படத்துக்குள் போன கதை இது.

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் மூன்று பேர் ஆபிரகாமிடம் வருகிறார்கள். அவர் ஓடிப்போய் வணங்கி, மரத்தடியில் இருத்தி உணவு படைக்கிறார். வயதான சாராளுக்கு மகன் பிறப்பான் என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இவர்களை மேசையைச் சுற்றித்தான் உட்கார வைத்தார்கள்.

17ஆம் நூற்றாண்டில், பரோக் கலை ஓங்கியிருந்த காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தவர் ரெம்பிராண்ட் (1606–1669). டச்சு வணிகக் கப்பல்கள் சூரத்துக்கு வந்துபோன நாட்கள் அவை. தம் கைக்கு எட்டிய முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து, ஜப்பானியத் தாளில் பழுப்பு மையால் வரைந்தார். அவற்றுள் சுமார் 23 இன்றும் உள்ளன. மரத்தடியில் நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்கும் படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

1656இல் அவர் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஆபிரகாம் படத்தில் அதே அமைப்பு! விருந்தினர் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் தாடி வைத்த முதியவராகக் கடவுள், கையில் கிண்ணத்தோடு. வீட்டுத் தலைவரான ஆபிரகாம் கூஜாவை ஏந்தி, அவர்களைவிடத் தாழ்வாகக் குனிந்து நிற்கிறார். சாராள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். சிறுவன் இஸ்மவேல் நமக்கு முதுகைக் காட்டி, வில்லோடு வெளியே பார்த்து நிற்கிறான். பின்னாளில் அவன் வீட்டைவிட்டு அனுப்பப்படுவான் என்பது கதை தெரிந்தவர்களுக்கு அந்த முதுகிலேயே புரிந்துவிடும். குனிவு, கதவு, முதுகு: வசனம் இல்லாமலே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

இந்தப் போக்குவரத்து ஒருவழி அல்ல. 1580இல் இயேசு சபையினர் அக்பருக்குக் கொடுத்த பைபிளில் இருந்த அச்சுப் படங்களை முகலாய ஓவியர்களும் பார்த்து வரைந்தார்கள்.

அந்த நான்கு பெரியவர்களின் காட்சியைக் கொண்ட இந்திய ஓவியம் வியன்னாவின் ஷான்புரூன் அரண்மனையில் உள்ளது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் முகலாய ஓவியங்களை வெட்டிச் சுவர் அலங்காரமாக ஒட்டினார்கள். ரெம்பிராண்டோ ஐம்பது வயதில், கடனில் மூழ்கி, வீட்டுப் பொருள்களெல்லாம் ஏலத்துக்குப் பட்டியலான அதே காலத்தில், தாமே பல சீடர்களுக்கு ஆசிரியராக இருந்தும், முன்பின் அறியாத நாட்டு ஓவியர்களிடம் மாணவராக அமர்ந்தார்.

பிறர் கலையை அலங்காரமாக வைத்துக்கொள்வது ஒன்று; அதனிடம் கற்றுக்கொள்வது வேறு. உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டுங்கள். ஆபிரகாமின் குனிவை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.