மெட்டு யாருடையது?

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசை கட்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. வழி முழுக்க ஜீப்பில் பாட்டு. அநேகமாக இளையராஜா. 'இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?' என்று டிரைவரைக் கேட்டால் சிரிப்பார். கோர்ட்டில் கேட்டால் வருஷக்கணக்கில் வாய்தா!

இந்த மலைக்கு அப்பால்தான் தேவிகுளம். 1957-ல் அங்கே ஜெயித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். அரசுக்கு மெஜாரிட்டியோ நூலிழை. ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி என்ன பிரயோஜனம்? பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஹார்மோனியத்தோடு போனார். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் கட்சிக்கான சொற்களை உட்கார வைப்பது அவர் பாணி. ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாதி பாவலர் பாட்டுக்குத்தான் என்று இந்தப் பக்கத்தில் இன்னமும் சொல்வார்கள்.

அந்த சினிமா மெட்டுகளுக்குச் சொந்தக்காரர் யார்? யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததே அந்த 1958 ஜனவரியில்தான்!

பாவலரின் தம்பிதான் இளையராஜா. சின்ன வயசிலேயே அண்ணன் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1976-ல் 'அன்னக்கிளி'. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது: தயாரிப்பாளர் காசு கொடுத்துப் போடவைத்த இசை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருடையது. பாடகனுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று அந்தத் தீர்ப்பின் கடைசியில் வருத்தப்பட்டவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அவர் யார்? தேவிகுளத்தை நம்பியிருந்த அதே ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் மந்திரி!

வெளிநாட்டில் இன்னும் வேடிக்கை. அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகெர்டி தன் பழைய பாட்டுகளின் உரிமையைக் கம்பெனியிடம் இழந்தவர். 1985-ல் புது ஆல்பம் போட்டார். காசு திருடப் பழக்கிய பன்றியைப் பற்றி அதில் ஒரு பாட்டு. பன்றியின் பெயர் கிட்டத்தட்ட முதலாளியின் பெயர்! வழக்கு மிரட்டல் வர, பெயரை மாற்றினார். கம்பெனி விடவில்லை. 'இன்னொரு புதுப் பாட்டு, எங்களிடம் இருக்கிற உன் பழைய பாட்டு மாதிரியே இருக்கு' என்று வழக்குப் போட்டது. தன்னையே காப்பியடித்தாராம்! சாட்சிக் கூண்டில் கிடாரை வாசித்துக் காட்டி 1988-ல் ஜெயித்தார்.

இங்கே 2012 சட்டத் திருத்தம், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. 2017-ல் அமெரிக்கக் கச்சேரிகளில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டு கட்சியானது. டிக்கெட் விற்கிறவர்கள் படைத்தவனுக்குப் பங்கு தரட்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்பது வருஷ சிநேகிதனுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் வேணுமா என்பதில் மட்டும் மனசு ஒப்பவில்லை. 2019 ஜூனில் இருவரும் சென்னையில் ஒரே மேடை ஏறினார்கள். அடுத்த வருஷம் பாலு போய்விட்டார்.

அதே 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஒலிப்பதிவை விற்கும் உரிமை கம்பெனிக்கு, படைப்பாளியின் சிறப்பு உரிமை இளையராஜாவுக்கு என்றது. அதன் அப்பீலில், 2024-ல் நீதிபதிகள் ஒரு கேள்வி போட்டார்கள்: வரிகள் இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும்?

பாவலர் ஞாபகம் வந்தது. மெட்டு வேறு யாரோ போட்டது, சொல் அவருடையது. தேவிகுளத்துத் தொழிலாளிகள் கைதட்டியது எதற்கு என்று எந்தக் கோர்ட் பிரித்துச் சொல்லும்?