விலையும் மண்ணும்: ‘தோமாவின் பணிகள்’ உடலை வெறுக்கிறதா?

‘தோமாவின் பணிகள்’ உடலின் உயிர்ப்பில் அக்கறையற்ற நூல் என்பது ஏறத்தாழ முடிந்த முடிபாகவே பேசப்படுகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் எதேசாவில், உருவான, திருத்தூதர் தோமாவின் கதை சொல்லும் இந்நூல் மணவாழ்வை விலக்குகிறது; நோன்பைப் போற்றுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்முடிபுக்குத் தூணாக நிறுத்தப்படும் 169ஆம் இயலை, அதை அடுத்து வரும் இயலிலிருந்து வெட்டிப் படித்திருக்கிறார்கள்.

அவ்வியலில், கொலையுண்ட தோமா தம் கல்லறையருகே அமர்ந்திருக்கும் தம் சீடர்களான சிபோருக்கும் வாசானுக்கும் தோன்றுகிறார்; தாம் அங்கே இல்லை, ஏன் காவலிருக்கிறீர்கள் என்கிறார். நற்செய்திகளின் வெறுங்கல்லறையை நினைவூட்டும் பேச்சு. ஆனால் இங்கே கல்லறை வெறுமையாக இல்லை; பிணம் உள்ளே கிடக்கிறது. ஆகவே உடல் உதிர்ந்த கூடு, ஆன்மாவே தோமா என்று வாசிப்பது வழக்கம்.

170ஆம் இயலுக்கு வருவோம். நெடுநாளுக்குப் பின் மஸ்தை மன்னனின் மகனைப் பேய் பிடிக்கிறது. தோமாவின் எலும்பொன்றை எடுத்து மகன் மேல் கட்டினால் தீரும் என்று, அவரைக் கொல்வித்த அதே மன்னன் கல்லறையைத் திறக்கிறான். எலும்புகள் இல்லை, சீடர் ஒருவர் இரகசியமாக மேற்கே கொண்டுபோய்விட்டார். மன்னன் எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகன் மேல் கட்டுகிறான். மகன் பிழைக்கிறான்.

கதை வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். எலும்பு கிடைக்காதபோது தோமா விண்ணிலிருந்தே குணமாக்கியிருக்கலாம். உடலை வெறுக்கும் ஆசிரியனுக்கு அதுவே வசதி. இவனோ மன்னனைக் குனிந்து மண் அள்ள வைக்கிறான். இதைத் தாயத்து வழக்கமென்று தள்ளுவோர் தள்ளட்டும். தாயத்துக்கும் அவ்வுடல் பட்ட மண்தான் வேண்டியிருந்தது. தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா என்ற ஓயாத வழக்கு இங்கே எனக்கு வேண்டாம். அவர் இறந்த இடத்து மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுத்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அங்கே கேட்டறிந்தார் என்பது போதும்.

இந்த முடிவு நூலின் தொடக்கத்தோடு பொருந்துகிறது. உயிர்த்தெழுந்த இயேசு சந்தையில் நின்று, இந்தியா போக மறுத்த தோமாவை ஹப்பான் என்னும் வணிகனுக்குத் தம் அடிமை என்று எழுதிக்கொடுத்து விற்கிறார். விலை சிரியாக் வடிவத்தில் இருபது வெள்ளி, கிரேக்கத்தில் வேறு. கப்பலேறும் தோமாவின் கையில் வேறொன்றுமில்லை, அந்த விலை மட்டுமே. இலங்கை மலையகத் தோட்டங்களில், ஹாலிஎலயிலும் தெமோதரையிலும், தொழிலாளரை வரிசைப்படுத்தும் பெரட்டுக் களம் பார்த்த குடும்பங்களுக்கு இது புராணமாகப் படாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தோட்டம் மாறும் ஆளோடு கங்காணிவழிக் கடனைச் சொல்லும் துண்டும் கூடவே போனது. அங்கே கடன் ஆளைத் துரத்தியது. இங்கே விலை விற்கப்பட்டவனிடமே தரப்படுகிறது. விலைபேசப்பட்ட உடலில் தொடங்கி, அவ்வுடல் கிடந்த மண்ணில் முடியும் நூலை ஆன்மாவின் வரலாறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்நூலினுள் வரும் முத்துப் பாடலைக் காட்டி மறுப்பார்கள்; அழுக்காடையாகிய உடலைக் களைந்துவிட்டு வீடு திரும்பும் இளவரசன் அல்லவா? அப்பாடல் ஒரு சிரியாக் படியிலும் ஒரு கிரேக்கப் படியிலும் மட்டுமே உள்ளது. நூலின் மேல் அதை நீதிபதியாக அமர்த்த இயலாது.

இவ்வாசிப்பு மலையகத்துக்கும் நெருக்கமானது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட பிரித்தானிய அதிகாரி மேஜர் ரொஜர்ஸின் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு ஆலயம் எழுந்தது. அதே மலைகளில் காடு வெட்டியும் கொழுந்து பறித்தும் மாண்டவர்களுள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது, மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதை வெகுண்டது இதற்காகத்தான். எலும்பு எங்கே என்று காட்ட இயலாதோரின் உயிர்ப்பைப் பற்றிப் பேச, வெறுங்கல்லறையைவிட 170ஆம் இயலே இங்கு நெருங்கி வருகிறது. தோட்டத்தில் யார் இந்நூலைப் படித்தார்கள் என்று கேட்டால், நான் செல்வாக்கின் வரலாறு எழுதவில்லை, ஒரு வாசிப்பையே முன்வைக்கிறேன் என்பதே விடை.

169, 170 ஆகிய இவ்விரு இயல்களும் ஒரே கையால் ஆனவைதாமா என்று ஐயுற இடமுண்டு. ஆனால் சிரியாக், கிரேக்கம் இரண்டும் இதே வரிசையில்தான் இவற்றைத் தருகின்றன. பிரித்துப் படிக்க விரும்புவோரே அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.